7-வது மாடிப் பாட்டி... 16-வது மாடிப் பாட்டி!

சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு காலைப் பயணம்

காலை 5.30 மணி. பெரும்பாக்கத்தின் எட்டு அடுக்குக் குடியிருப்புகளில் ஒவ்வொரு ஜன்னலாக வெளிச்சம் வருகிறது. டீக்கடையில் பாய்லர் கொதிக்கத் தொடங்கிவிட்டது. மாடிப்படிகளில் செருப்புச் சத்தம் கேட்கிறது. இறங்கி வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோளில் ஒரு பை. பைக்குள் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சார்ஜர்.

பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. 2021-ம் ஆண்டு மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதனால், அந்தப் பேருந்து எப்போது வரும் என்பதுதான் காலை நேரத்தின் முதல் கேள்வி. அதை விட்டால் ஷேர் ஆட்டோ. ஷேர் ஆட்டோ என்றால், அன்றைய சம்பளத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.

பேருந்து செம்மொழிச் சாலை வழியாகச் சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு வருகிறது. அங்கே பாதிப் பேர் இறங்கி, இடது பக்கமும் வலது பக்கமுமாகப் பிரிகிறார்கள். ஓ.எம்.ஆர். நெடுக உயர்ந்து நிற்கும் அடுக்குமாடிகளில் ஒருவர் பாத்திரம் துலக்கப் போகிறார், ஒருவர் சமைக்கப் போகிறார், ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறார். இன்னொருவர் 16-வது மாடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போகிறார்.

அவருடைய வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கிறார். மாமியார். 7-வது மாடி. முழங்கால் வலி. லிஃப்ட் நின்றுபோன நாள்களில் அந்தப் பாட்டி கீழே இறங்குவதில்லை.

இந்த இரண்டு பாட்டிகளுக்கும் இங்கே பெயர் வேண்டாம். ஓ.எம்.ஆர். சாலையின் இரு பக்கமும் தேடினால் இப்படி நூறு பாட்டிகள் கிடைப்பார்கள்.

உப்பளத்திலிருந்து ஐ.டி. பார்க் வரை

அடையாறு மத்திய கைலாஷ் கோயில் அருகே தொடங்குகிறது பழைய மகாபலிபுரம் சாலை. இன்றைக்கு அதிகாரபூர்வப் பெயர் ராஜீவ் காந்தி சாலை. ஆனால், ஆட்டோக்காரரிலிருந்து அமெரிக்க மாப்பிள்ளை வரை எல்லோருக்கும் அது ஓ.எம்.ஆர்.தான்.

ஒருகாலத்தில் இது மாமல்லபுரம் போகும் ஒற்றைச் சாலை. கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், மேற்கே ஏரிகளும் வயல்களும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும். கேளம்பாக்கம் பக்கம் போனால் உப்பளங்கள். 2000-ம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்ட பிறகு எல்லாம் மாறியது. 2008-ல் சிறுசேரி வரையிலான பகுதி ஆறு வழிச் சாலையானது. பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர் என்று வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் மாநகராட்சி மண்டலங்களாகவே ஆயின.

இன்றைக்கு இந்தச் சாலையில் என்னதான் இல்லை? சர்வதேசப் பள்ளிகள், மால்கள், மல்டிபிளெக்ஸ்கள், பல மாடித் தனியார் மருத்துவமனைகள் எல்லாம் உண்டு. சாலையின் நடுவே மெட்ரோ தூண்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. நிலம் வாங்கியவர்கள் தங்கள் அதிர்ஷ்டத்தைப் பேசி மாய்ந்துபோகிறார்கள்.

இருந்தும், முதுகு வலிக்கிற ஒரு வீட்டுவேலைப் பெண் காசில்லாமல் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால், இந்தச் சாலையில் அவர் எங்கே போவது? தனியாக இருக்கும் ஒரு முதியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால், முதலில் கதவைத் தட்டுவது யார்? பளபளப்புக்குப் பின்னால் இருக்கும் கேள்விகள் இவை.

கால்நடையில் இருந்த ஆஸ்பத்திரி

1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது அதன் முத்திரை வாசகம். ஆரம்ப காலத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டிக் கொடுப்பதுதான் வழக்கம். நகருக்குள் இடம் அருகிப்போன பிறகு, வெளியே வீடு கட்டிக் குடியேற்றும் காலம் வந்தது. 2021-ல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

2000-ம் ஆண்டில் துரைப்பாக்கத்தை ஒட்டிக் கண்ணகி நகர் உருவானது. கூவம், அடையாறு கரைகளிலும் சாலையோரங்களிலும் இருந்த குடும்பங்கள் லாரிகளில் சாமான்களோடு வந்து இறங்கின. இன்று அங்கே 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். முதலில் கட்டியவற்றில் 200 சதுர அடியைக்கூடத் தொடாத வீடுகள் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி வந்தது. அங்கே 6,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அடுத்து பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெரிய அளவில் இங்கே கொண்டுவரப்பட்டன. இப்போது 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். ஆக, ஓ.எம்.ஆரை ஒட்டிய இந்த மூன்று இடங்களில் மட்டும் 40,000-க்கும் அதிகமான குடும்பங்கள் வாழ்கின்றன.

சிந்தாதிரிப்பேட்டையிலோ சேத்துப்பட்டிலோ இருந்தபோது அந்தக் குடிசைகளில் மழை ஒழுகியது, வெள்ளம் புகுந்தது, பாம்பும் வந்தது. ஆனால், ஒரு வசதி இருந்தது. சென்ட்ரல் எதிரே ஜி.ஹெச். பக்கம். ராயப்பேட்டை ஆஸ்பத்திரி பக்கம். பிரசவ வலி எடுத்தால் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்விடலாம். நூற்றாண்டு கண்ட மருத்துவமனைகள் கூப்பிடு தூரத்தில் இருந்தன. வேலையும் அதே தெருவில் இருந்தது. பிள்ளையைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுப் போகலாம். அந்த அத்தையைப் பத்து வருடமாகத் தெரியும்.

புதிய வீட்டில் கூரை ஒழுகவில்லை. தனிக் கழிப்பறை இருக்கிறது. பெண்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால், ஜி.ஹெச். 25 கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்விட்டது. அறைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியதில், பழைய தெருவில் அடுத்தடுத்து இருந்தவர்கள் வெவ்வேறு பிளாக்குகளுக்குப் பிரிந்தார்கள். அத்தையும் வேறு பிளாக்குக்குப் போய்விட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய அளவிலான விதி. பெரும்பாக்கத்தில் வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தாலே 80,000 பேர். 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி என்று பார்த்தால், அந்த ஒரு குடியிருப்புக்கு மட்டும் 100 அங்கன்வாடிகள் தேவை. ஒரு சிறிய நகராட்சி அளவுக்கு மக்கள் இருக்கும் இடம் இது. ஆனால், 2011 விரிவாக்கத்தில் மாநகராட்சிக்குள் வராத பெரும்பாக்கம், ஓர் ஊராட்சியாகவே அந்த மக்கள்தொகையைச் சுமக்க நேர்ந்தது. வீடு கட்டுவது ஒரு துறை, குடிநீர் ஒரு துறை, பள்ளி இன்னொரு துறை, சுகாதாரம் வேறொரு துறை. வீட்டுச் சாவி முதலில் கைக்கு வந்துவிடும். மற்றவை பின்னால் மெதுவாக வரும்.

அரசு சுகாதார நிலையங்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கின்றன. காய்ச்சல், தடுப்பூசி, கர்ப்பிணிப் பரிசோதனை போன்றவற்றுக்கு அவைதான் கதி. ஆனால், அவற்றின் வேலை நேரமும் வேலைக்குப் போகும் பெண்ணின் நேரமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. காலை 6 மணிக்குக் கிளம்பி, இருட்டும் நேரத்தில் திரும்பும் பெண்ணுக்கு, டாக்டரைப் பார்ப்பதென்றால் ஒருநாள் லீவு. லீவு என்றால் சம்பளப் பிடித்தம். அதனால் வலி மாத்திரை மெடிக்கல் ஷாப்பில் ஒன்றிரண்டாக வாங்கப்படுகிறது. சர்க்கரை இருப்பதே காலில் புண் ஆறாதபோதுதான் தெரியவருகிறது.

பெரிய சிகிச்சை என்றால் கிண்டியில் 2023 ஜூன் மாதம் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை இருக்கிறது. தென் சென்னைக்கு அது பெரிய வரம். ஆனால், பெரும்பாக்கத்திலிருந்து அதுவும் 15 கிலோமீட்டருக்கு மேல். வழியில் எத்தனையோ தனியார் மருத்துவமனைகளைக் கடந்துதான் அங்கே போக வேண்டும்.

'முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதே' என்று கேட்கலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அது பெரும் கை கொடுக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. இதய அறுவை சிகிச்சைக்கும் புற்றுநோய் சிகிச்சைக்கும் அது உதவும். மருத்துவமனையில் படுக்கும் அளவுக்குப் போவதற்கு முன்னால் வரும் வலிகளுக்கு, அதாவது மாதா மாத மாத்திரைக்கும் பல் வலிக்கும் கண்ணாடிக்கும், கையிலிருந்துதான் காசு போகிறது.

இன்னொரு விசித்திரத்தையும் இந்தச் சாலையில் பார்க்கலாம். ஒரே பிளாக்கில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர். ஒருவர் ஐ.டி. கம்பெனியில் ஒப்பந்த நிறுவனம் வழியாகத் தரை துடைக்கிறார். 10 பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம், சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்பதால் அவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. குடும்பத்துக்கே மருத்துவம் பார்க்கலாம். பேறுகால விடுப்புச் சம்பளமும் உண்டு. இன்னொருவர் அடுக்குமாடி வீட்டில் அதே தரையைத் துடைக்கிறார். அவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை. வீடு என்பது சட்டத்தின் பார்வையில் நிறுவனம் இல்லையே!

படிக்கட்டு என்னும் பிரச்னை

7-வது மாடிப் பாட்டியிடம் திரும்புவோம். குடிசையில் இருந்தபோது அவர் வாசலில் உட்கார்ந்து இட்லி சுட்டு விற்றவராக இருக்கலாம். பூ கட்டியவராக இருக்கலாம். வாசல்தான் அவருக்குக் கடை, வாசல்தான் உலகம். எட்டு அடுக்கில் வாசல் என்பது ஒரு நீண்ட வராந்தா. லிஃப்ட் ஓடினால் கீழே வந்து மரத்தடியில் உட்காரலாம். நின்றுவிட்டால் வீட்டுச் சிறை.

பெரும்பாக்கத்தில் லிஃப்ட் பழுது என்பது அடிக்கடி செய்திகளில் அடிபடும் விஷயம். வசதியானவர்களின் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றால் ஒரு மணி நேரத்தில் மெக்கானிக் வந்துவிடுவார். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டும் சங்கம் அங்கே இருக்கிறது. தினக்கூலிக் குடும்பங்கள் நிறைந்த பிளாக்கில் அப்படி வசூலிப்பது எளிதில்லை. அங்கே லிஃப்ட் என்பது மருத்துவ வசதியில் ஒரு பகுதி. நிறைமாதக் கர்ப்பிணிக்கு, பக்கவாதம் வந்தவருக்கு, டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அது இல்லாமல் ஆஸ்பத்திரி இல்லை. 108 ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிடும். 7-வது மாடியிலிருந்து வாசலுக்கு வருவதற்கு, போர்வையில் தூக்கிக்கொண்டு இறங்கும் நான்கு இளைஞர்கள் வேண்டும். நள்ளிரவிலும் அந்த நான்கு பேர் வந்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இப்படிப்பட்ட பாட்டிகளை மனதில் வைத்துதான் வந்தது. பெண் தன்னார்வலர் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும், தீராத நோயில் இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சையும் உண்டு. லிஃப்ட் இல்லாத நாளில் அந்தத் தன்னார்வலரும் ஏழு மாடி ஏறித்தான் ஆக வேண்டும்.

காம்பவுண்ட் சுவருக்கு உள்ளே

இனி 16-வது மாடி. பால்கனியில் நின்றால் ஒரு பக்கம் கடல் தெரிகிறது. மறுபக்கம் சதுப்பு நிலம். பள்ளிக்கரணைக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. குளிர்காலத்தில் பறவைகள் வருவதை இங்கிருந்தே பார்க்கலாம். கீழே நீச்சல் குளம், ஜிம், பிள்ளையார் கோயில் எல்லாம் இருக்கின்றன.

பாட்டியின் மகன் கலிஃபோர்னியாவில். மகள் சிங்கப்பூரில். கும்பகோணத்துப் பழைய வீட்டை விற்று, 'சென்னையில் இருந்தால் ஆஸ்பத்திரி பக்கம்' என்று பிள்ளைகள் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஆஸ்பத்திரி பக்கம்தான். ஆனால், டாக்டரிடம் கூட்டிப்போக ஆள் வேண்டுமே! ஆப்பில் டாக்சி பிடிக்கத் தெரியாது. மருத்துவமனைக்குள் நுழைந்தால் டோக்கன், பில்லிங், ஸ்கேன், மறுபடி பில்லிங் என்று நான்கு மாடி ஏறி இறங்க வேண்டும். ஹாலில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறார்கள். சென்னையில் காலை 9 மணிக்கு, கலிஃபோர்னியாவில் முந்தைய நாள் இரவில் மகன் அதில் எட்டிப் பார்க்கிறார். அம்மா விழுந்தால் அவருக்குத் தெரியும். எழுப்பிவிட முடியாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவிகிதம். நாட்டின் சராசரியைவிட இது கூடுதல். அதற்குப் பிறகு வயதானவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால், புதிதாக எழுந்த புறநகரில் எல்லாமே இளம் தம்பதிகளைக் கணக்கில் வைத்துக் கட்டப்பட்டவை. முதியவர்கள் பகலில் கூடி உட்காரும் மையமோ, மறதி நோய் வந்தவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடமோ தேடினாலும் எளிதில் கிடைக்காது.

இளம் குடும்பங்களுக்கும் பிரச்னை இல்லாமல் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு அம்மா ஊருக்குத் திரும்பிவிட, நான்கு சுவர்களுக்குள் காரணம் தெரியாமல் அழும் இளம் தாய்கள் இருக்கிறார்கள். இரவுப் பணியில் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். குடிப் பழக்கமும் அடி உதையும் குடிசையில் மட்டும்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். குடிசையில் அடித்தால் தெருவே கேட்கும். இங்கே இரட்டைக் கண்ணாடி ஜன்னல். வசதியான வீட்டில் தேவை இருக்காது என்று எல்லோரும் நினைப்பதால், அந்த வீட்டில் இருப்பவர்களும் வெளியே சொல்லக் கூசுகிறார்கள்.

தண்ணீர் விஷயத்திலும் இதே கதைதான். நெம்மேலியில் 2013-லிருந்து கடல்நீர் குடிநீராகிறது. 2024-ல் இரண்டாவது ஆலையும் வந்தது. அப்படியும் பல அடுக்குமாடிகளின் வாசலில் டேங்கர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது காரப்பாக்கத்தில் நடிகர்கள் விஷ்ணு விஷாலையும் அமீர் கானையும் படகில் மீட்ட படத்தை நாடே பார்த்தது. அந்த மழைக்குக் குடிசை, பங்களா என்ற பேதம் தெரியவில்லை. சதுப்பு நிலத்தின் வடிகால்களை அடைத்து ஊர் கட்டியதற்கு இரண்டு பக்கமும் சேர்ந்துதான் விலை கொடுக்கிறது.

கவனிப்பு ஒரு பக்கமாக ஓடுகிறது

காலை 7 மணி. பெரும்பாக்கத்துப் பெண் 16-வது மாடிக்கு வந்துவிட்டார். இங்கே லிஃப்டில் ஏறி பட்டனை அழுத்தினால் போதும்.

பாட்டியைக் கைத்தாங்கலாக எழுப்புகிறார். வெந்நீர் போடுகிறார். பாட்டி அடுப்பை அணைக்க மறப்பதை முதலில் கவனித்தவர் இவர்தான். ஒரே மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொள்வதைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். அதற்கு மருத்துவத்தில் என்ன பெயர் என்று இவருக்குத் தெரியாது. யாரிடம் சொல்வது என்றும் தெரியாது. 'வயசாயிட்டா அப்படித்தாம்மா' என்று பாட்டியையே தேற்றுகிறார். முதியவரைப் படுக்கையிலிருந்து எப்படித் தூக்குவது, முதுகில் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று இவருக்கு யாரும் பயிற்சி தரவில்லை. தூக்கித் தூக்கி இவருடைய முதுகு போய்விட்டது.

இங்கே இவர் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் நேரத்தில், அங்கே 7-வது மாடியில் மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார்? பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெண் குழந்தை. ஐந்தாவதோ ஆறாவதோ படிப்பவள். பாட்டிக்குச் சோறு போட்டுவிட்டு, தம்பிக்குச் சட்டை மாட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறாள். தம்பி அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால் காலை உணவுத் திட்டம் ஒரு கவலையைக் குறைக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு. இரண்டு வயதுகூட ஆகாத குழந்தை வீட்டில் இருந்தால்தான் சிக்கல். அங்கன்வாடியில் விட முடியாது. குழந்தைகள் காப்பகத்துக்குப் பணம் இல்லை. பாட்டி குழந்தையைப் பார்ப்பாரா, குழந்தை பாட்டியைப் பார்க்குமா என்பது அவ்வப்போது மாறும்.

இந்தச் சாலையில் கவனிப்பு ஒரு பக்கமாகவே ஓடுகிறது. தினமும் காலையில் பேருந்து ஏறி அந்தப் பக்கம் போகிறது. இரவில் களைத்துப்போய்த் திரும்புகிறது.

இடையில் இன்னொரு கூட்டமும் உண்டு. அடுத்த கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத் தொழிலாளர்கள். தகரக் கொட்டகையில் தங்கல். ரேஷன் அட்டையை எந்த மாநிலத்திலும் பயன்படுத்தும் திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் எந்த மொழியில் சொல்வது என்பதற்குத்தான் திட்டம் இல்லை.

சாலையின் தொடக்கத்திலேயே ஒரு பாடம்

விடை தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. ஓ.எம்.ஆர். தொடங்கும் இடத்திலேயே, டைடல் பார்க்குக்குச் சற்று முன்னால், மரங்கள் அடர்ந்த ஒரு வளாகம் இருக்கிறது. வி.ஹெச்.எஸ். மருத்துவமனை. டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி 1958-ல் தொடங்கிய அமைப்பு. குடும்பத்தின் வருமானத்துக்கு ஏற்பச் சிறிய ஆண்டுச் சந்தா. நோய் வந்த பிறகு கடன் வாங்குவதைவிட, நோய் வருமுன் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுவைப்பது நல்லது என்பது அவர் எண்ணம்.

அதோடு அவர் நிற்கவில்லை. அன்றைக்குக் கிராமங்களாக இருந்த தென் சென்னைப் புறநகரில், சுமார் 5,000 பேருக்கு ஒன்று என்று சின்னச் சின்ன சுகாதார மையங்களை நடத்திக் காட்டினார். பகுதி நேர டாக்டர், வீடு வீடாகப் போகும் பணியாளர்கள். நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடி வருவதற்கு முன், ஆஸ்பத்திரி நோயாளியைத் தேடிப் போனது. இந்தச் சாலையில் ஐ.டி. வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்த காரியம் இது. 5,000 பேருக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கைப் பெரும்பாக்கத்துக்குப் போட்டால், 16 மையங்கள் வரும். மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை திறந்திருக்கும் மையங்களாக அவை இருந்தால், வீட்டுவேலைக்குப் போகும் பெண் லீவு போடாமலேயே டாக்டரைப் பார்த்துவிடலாம்.

அடுக்குமாடிச் சங்கங்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007-லேயே நல வாரியம் அமைந்துவிட்டது. பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, மகப்பேறு உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. வேலைக்கு வரும் பெண்களுக்குக் கேட் பாஸ் போட்டுக் கொடுக்கும் சங்கம், அதே மேஜையில் உட்காரவைத்து அந்தப் பதிவையும் செய்து கொடுக்கலாம். யோகா வகுப்பு நடக்கும் ஹாலில் மாதம் ஒருநாள் முதியோர் பராமரிப்புப் பயிற்சி நடத்தலாம். அதனால் 16-வது மாடிப் பாட்டிக்கும் நல்லது, 7-வது மாடிப் பாட்டிக்கும் நல்லது.

கண்ணகி நகர் தன் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று இளைஞர்கள் வேறு ஊர்ப் பெயரைச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. 2020-ல் அந்தக் குடியிருப்புச் சுவர்களில் பிரம்மாண்ட ஓவியங்கள் வந்தன. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே ஊர் அவரைக் கொண்டாடியது. மறைத்துவைத்த முகவரி அன்றைக்குப் பட்டமாகிவிட்டது.

இரவுப் பேருந்து

இரவு 7.30 மணி. சோழிங்கநல்லூர் சிக்னலில் பேருந்துக்குள் நிற்கக்கூட இடமில்லை. காலையில் கலகலவென்று பேசிக்கொண்டு வந்தவர்கள் இப்போது கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே கண்ணாடிக் கட்டடங்களில் எல்லா மாடியிலும் விளக்கு.

பெரும்பாக்கத்தில் இறங்கும்போது கைபேசி அடிக்கிறது. 16-வது மாடிப் பாட்டி. சற்று முன்புதான் பேசியது அவருக்கு மறந்துபோயிருக்கிறது.

"போய்ச் சேந்துட்டியாம்மா? சாப்பிட்டியா? உன் மாமியாருக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

"இப்பதான் இறங்கினேன் பாட்டி. நீங்க ராத்திரி மாத்திரையப் போட்டாச்சா? நீல டப்பாவுல எடுத்து வெச்சிருக்கேன் பாருங்க. ஒண்ணுதான் போடணும்."

பேசிக்கொண்டே பிளாக் வாசலுக்கு வருகிறார். லிஃப்ட் கதவில் கை வைத்துப் பார்க்கிறார். அசையவில்லை. "நாளைக்குக் காலைல வர்றேன் பாட்டி" என்று கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்து முதல் படியில் கால் வைக்கிறார்.

மேலே 7-வது மாடி வராந்தாவில், மருமகளின் செருப்புச் சத்தத்துக்காக ஒரு பாட்டி காத்துக்கொண்டிருக்கிறார்.

*அவசர உதவிக்கு: ஆம்புலன்ஸ் - 108. மருத்துவ ஆலோசனை - 104. முதியோர் உதவி எண் - 14567. மனநல ஆலோசனை (டெலி மானஸ்) - 14416. பெண்கள் உதவி எண் - 181. குழந்தைகள் உதவி எண் - 1098.*